பீங்கான் அறையில் ஒரு சோளகம்

சோளகக் காற்று என்றால் நம் வயதுக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று நினைவுக்கு வரும். ஒருத்தி பனம்பழம் தொப்பென்று விழும் சத்தத்தைச் சொல்வாள். இன்னொருத்தி கூரையோலை பறந்துபோய் அயல்வீட்டுக் கிணற்றுக்குள் விழுந்த கதையைச் சொல்வாள். என் முறை வரும்போது நான் பேசாமல் இருந்துவிடுவேன். எனக்குச் சோளகம் என்றால் கயிறு போட்டுக் கட்டிய யன்னல்தான். வெளியே பனைகள் தலைவிரித்து ஆடும். உள்ளே விளக்குத் திரிகூட அசையாது. அந்தப் புழுக்கமும் ஈரத் துணியால் துடைத்த பீங்கானின் வாசமும் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கின்றன. பீங்கானுக்கு ஏது வாசம் என்பீர்கள். ஒரு காற்றுக்காலம் முழுவதும் அதோடு அடைபட்டுக் கிடந்திருந்தால் அப்படிக் கேட்கமாட்டீர்கள்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. உலகச் சண்டைக்கு முந்திய காலம். காங்கேசன்துறையில் எங்கள் வீட்டில் தம்பிக்கு அம்மை கண்டது. வாசல் படலையில் வேப்பிலை கட்டிய அன்றைக்கே என்னைச் சண்டிலிப்பாயில் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "ஒரு கிழமையிலை வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்று அப்பா சொன்னார். வண்டி புறப்படும்போது அவர் என்னைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பிக்கு மாறியபோது தங்கைக்குப் போட்டது. தங்கைக்கு மாறியபோது அம்மாவுக்குப் போட்டது. ஏழு நாள் என்றது அந்தச் சோளகக் காலம் முழுவதுமாக நீண்டது.

பெரியப்பா என் அப்பாவின் தமையன். மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்த்துப் பென்சனோடு ஊருக்குத் திரும்பியவர். மலாயாப் பென்சன்காரர் வந்தால் ஊர் ஒன்றை எதிர்பார்க்கும்: கல்வீடு, சீமெந்து நிலம், கிராமபோன் பெட்டி, பெண்பிள்ளைகளுக்கு நகை. பெரியப்பா கொண்டுவந்தது வைக்கோல் அடைத்த மரப்பெட்டிகள். அவற்றுக்குள் சீனத்துப் பீங்கான். நீலப் பூப்போட்ட கிண்ணங்கள், பாசி நிறத் தட்டுகள், டிராகன் சுற்றிய சாடிகள், கழுத்து நீண்ட பூச்சாடிகள். அவற்றுக்கென்றே வீட்டின் நடுவறையை ஒதுக்கி, கண்ணாடி அலுமாரிகள் செய்வித்து, பூட்டித் திறப்பை அரைஞாணில் முடிந்து வைத்திருந்தார்.

அந்த வீட்டில் மனிதர்கள் பீங்கானுக்கு நடுவில் வாழ்ந்தார்கள். ஓடக்கூடாது. கதவை அடித்துச் சாத்தக்கூடாது. பூனை வந்தால் வீடே பதறும். சோளகம் தொடங்கியதும் பெரியப்பா தானே யன்னல் யன்னலாகப் போய்க் கொக்கி போட்டு, கொக்கியை நம்பாமல் தும்புக் கயிற்றாலும் கட்டுவார். கடற்கரைக் காற்றில் வளர்ந்த எனக்கு முதல் இரவே மூச்சு முட்டியது. யன்னலை நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட பெரியம்மா, "பழகிப்போம், மோனை" என்றார். பெரியம்மா அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. சமையலறைப் புகைக்குள் கண் சுருக்கியபடி இருப்பார். விரல் மூட்டுகள் வீங்கிக் கை எப்போதும் சற்று நடுங்கும்.

அவர்களுக்கு ஒரே மகள். நான் அக்கா என்று கூப்பிட்டேன். இருபத்தெட்டு வயது. அந்தக் காலத்தில் அது என்ன வயது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அக்காவின் வேலை பீங்கான் துடைப்பது. பெரியப்பா கதிரை போட்டு வாசலில் இருக்க, அவள் ஒவ்வொன்றாய் எடுத்து, துடைத்து, எடுத்த இடத்திலேயே வைப்பாள். அவள் விரல்கள் அவற்றின் மேல் போகும் விதத்தைப் பார்த்தால் கண் தெரியாதவர் ஒருவர் தன் பிள்ளையின் முகத்தைத் தடவுவதுபோல இருக்கும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் பெரியப்பா அலுமாரியைத் திறப்பார். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்த்து, அடியில் இருக்கும் நீல எழுத்தைக் காட்டுவார். "இது ராசாவின்ரை பேர். ராசாவின்ரை சூளையிலை சுட்டது." கடைசியாகக் காட்டுவது இடுப்பளவு உயரமான ஒரு பூச்சாடி. அதற்குப் பெயர் 'பெரியது'. மலாயாவின் ஈப்போவில் அவருடைய மேலதிகாரியான வெள்ளைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இது ஒன்றுக்கே ஒரு வீடு வாங்கலாம் என்று சொன்னாராம். அந்தக் கதையைப் பெரியப்பா எப்போதும் ஒரே சொற்களில் சொல்வார். முடிவில் அக்கா பக்கம் கையைக் காட்டி, "எல்லாம் உவவின்ரை சீதனம்" என்பார். அக்கா துணியைப் பிழிந்துகொண்டு நிற்பாள்.

சீதனம் அலுமாரியில் இருந்தது. மாப்பிள்ளைதான் வரவில்லை. வந்தவர்கள் இல்லாமலும் இல்லை. சில வருடங்களுக்கு முன் அளவெட்டியிலிருந்து ஒரு பகுதியினர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அக்கா கதவு நீக்கலால் அவரைப் பார்த்திருக்கிறாள். எல்லாம் பொருந்திவந்த நேரத்தில் மாப்பிள்ளையின் தகப்பன், "குறை நினையாதையுங்கோ, உந்தப் பீங்கான் விசயம் எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்ச ஒராளைக் கூட்டிவந்து காட்டட்டோ?" என்று கேட்டார். பெரியப்பா எழுந்து நின்று, "என்ரை சொல்லிலை நம்பிக்கை இல்லாத இடத்திலை எனக்குச் சம்பந்தம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். இதை அக்கா எனக்கு ஒரு கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் அதையே துடைத்துக்கொண்டிருந்தாள். மானஸ்தன், ரோசக்காரன் என்று ஊர் பெரியப்பாவைப் புகழ்ந்ததாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து அந்த வியாபாரி வந்தது காற்று உச்சத்தில் இருந்த ஒரு பின்னேரம். சோனக முஸ்லிம். பழைய தளபாடம், பித்தளை, ஒல்லாந்தர் காலத்துக் கண்ணாடி, பீங்கான் எல்லாம் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். எல்லோரும் அவரைக் காக்கா என்றே கூப்பிட்டார்கள். அவர்கள் வழக்கில் அது அண்ணனைக் கூப்பிடும் சொல். தலையில் தொப்பியும் தோளில் சால்வையுமாக மண்ணைத் தட்டிக்கொண்டு விறாந்தையில் ஏறினார். பெரியப்பாவுக்குப் பார்வையாளர் என்றால் விருப்பம். அலுமாரி திறந்தது. அக்காவும் நானும் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றோம்.

காக்கா எழுத்தைப் பார்க்கவில்லை. கிண்ணத்தை நகத்தால் ஒரு தட்டுத் தட்டிக் காதருகே பிடித்தார். பிறகு கவிழ்த்து, நிலத்தில் படும் விளிம்பைப் பெருவிரலால் சுற்றித் தடவினார்.

"எழுத்தைப் பாருங்கோ" என்றார் பெரியப்பா.

"பாப்பம் ஐயா. எழுத்து ஆரும் எழுதலாம். அடி தேயிறதுக்குத்தான் காலம் வேணும்."

"அடி தேஞ்சுதானே இருக்கு?"

"தேஞ்சிருக்கு. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித் தேஞ்சிருக்கு. ஆரோ மண்ணிலை வைச்சுத் தேய்ச்சவை போலை."

பெரியப்பா கிண்ணத்தை வாங்கி மேல்தட்டில் வைத்தார். காக்கா கீழ்த்தட்டில் இருந்த தடித்த சில தட்டுகளை எடுத்தார். அவற்றில் பூ சரியாக வரையப்படவில்லை. நீலம் அங்கங்கே கறுத்துத் திரண்டிருந்தது. அடியில் மணல் ஒட்டிச் சுட்டுப்போய்ச் சொரசொரத்தது. விருந்தாளிகளுக்குப் பெரியப்பா அவற்றைக் காட்டுவதே இல்லை.

"உதுகள் எங்கை வாங்கினது?"

"அது சும்மா. வேலைக்குப் போன புதுசிலை ஆத்தங்கரைச் சனத்திட்டை வாங்கினது. வடிவாயிருந்தது, வாங்கினன்."

"நல்ல சாமான் ஐயா."

பாராட்டுக் கேட்டவர் முகமாகப் பெரியப்பாவின் முகம் இல்லை. அவர் அவசரமாக 'பெரியதை'க் காட்டினார். காக்கா அதைச் சுற்றி வந்தார். வாய்க்குள் கையை விட்டு எட்டியமட்டும் தடவினார். கையை வெளியே எடுத்துச் சால்வையில் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்:

"இதின்ரை கழுத்தடியிலை ஒருக்காச் சுடுதண்ணி ஊத்திப் பாத்தனீங்களோ, ஐயா?"

"என்னத்துக்கு?"

"சும்மா கேட்டனான்."

பிறகு அவர் சால்வைத் தலைப்பை விரித்து நீட்டினார். மாட்டுத் தரகர் செய்வதுபோலத் துணிக்குள் விரல் பிடித்து விலை பேசும் பழக்கம் அவருக்கும் இருந்தது. பெரியப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"விக்கிறதுக்கில்லை."

"அப்ப என்னை வரச்சொல்லி ஏன் ஆள் விட்டனீங்கள்?"

"நான் ஆரையும் விடேல்லையே."

காக்காவின் கண் ஒருமுறை சமையலறைப் பக்கம் போய்த் திரும்பியது. "ஆள் மாறிப்போச்சுப் போலை" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். சமையலறையில் பெரியம்மா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார். அரைக்கும் சத்தம் இடையில் நின்று மறுபடி தொடங்கியது. அக்காவின் கை என் தோளை அழுத்திக்கொண்டிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன், வலித்தது.

இது நடந்து சில நாளில் நான் பெரியபிள்ளையானேன். அம்மாவும் இல்லாத வீட்டில், ஒன்றும் விளங்காமல், கிணற்றடியில் நின்று அழுதேன். பெரியம்மாதான் வந்து அணைத்துக்கொண்டார். முதல் தண்ணீரை அவரே வார்த்தார். சடங்கு எங்கள் வீட்டில் அம்மை விலகிய பிறகு என்று முடிவாயிற்று. அதுவரை ஆண்கள் முகத்தில் நான் விழிக்கக்கூடாது, முற்றத்தில் இறங்கக்கூடாது, என்னை வைத்திருக்கும் அறைக்குள் பெரியப்பா காலடி வைக்கக்கூடாது. பள்ளிக்கூடம் அதோடு சரி என்று அப்பா ஆள் மூலம் சொல்லியனுப்பினார். அதை ஒரு சேதியாகக்கூட எனக்கு யாரும் சொல்லவில்லை. வேறொரு கதைக்கு நடுவில் என் காதில் விழுந்தது.

என்னை எங்கே வைப்பது? பெரியம்மா சொன்னார்: "நடுவறையிலை இருக்கட்டும். அதிலைதான் யன்னலெல்லாம் பூட்டிக் கிடக்கு."

பெரியப்பா திடுக்கிட்டார். "அங்கை பீங்கான் இருக்கப்பா."

"இருந்தா என்ன? பிள்ளை பீங்கானைத் தின்னுமோ?"

பெரியம்மா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. வேறு அறையும் இருக்கவில்லை. ஒன்று சாமியறை, ஒன்று பெரியப்பாவின் படுக்கையறை. சாத்திரம் அவர் பக்கம் இல்லாததால் அவர் விட்டுக்கொடுத்தார். தூசி துடைப்பதற்கென்று அலுமாரித் திறப்பும் அக்கா கைக்கு வந்தது. பல வருடத்துக்குப் பிறகு, என் மகளுக்குத் தண்ணீர் வார்த்த நாளில்தான் எனக்கு இது உறைத்தது: பெரியம்மா என்னை அந்த அறையில் வைத்தது இடமில்லாததால் அல்ல. பெரியப்பா நுழைய முடியாதபடி அந்த அறையை அடைக்க அவருக்கு நான் வேண்டியிருந்தேன். அதற்காக அவரைக் கோபிக்க இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.

அந்த அறையில் நான் கிடந்த நாட்களை எப்படிச் சொல்வது. விடிய வெறும் வயிற்றில் முட்டையும் நல்லெண்ணெயும். மத்தியானம் உழுத்தங்களி. மூலையில் பாய். யன்னல் பலகை நீக்கலால் ஒரு கீற்று வெயில் வரும். அது அலுமாரிக் கண்ணாடியில் ஏறி, கிண்ணங்களைத் தாண்டி, சுவரில் மறையும்போது பகல் முடிந்துவிடும். கிண்ணமொன்றில் பாலத்தின் நடுவே குடை பிடித்து நின்ற ஒரு மனிதனை நான் நாள் முழுவதும் பார்ப்பேன். அவன் அக்கரைக்கும் போகமாட்டான், இக்கரைக்கும் வரமாட்டான். இரவில் காற்றுக் கூரை ஓடுகளை இழுக்கும்போது பீங்கான்கள் ஒன்றோடொன்று மெல்லப் பல் கடிக்கும். அம்மா செத்துவிட்டாள், அதை எனக்கு மறைக்கிறார்கள் என்று ஒரு நாள் எனக்குத் தோன்றிவிட்டது. பெரியம்மா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணும்வரை நான் சாப்பிடவில்லை.

அக்கா என்னோடு வந்து படுத்தாள். எனக்குத் துணை என்று பெயர். பகலில் அவள் அலுமாரியைத் திறந்து, தகப்பன் பார்க்காமல், முதன்முறையாகத் தன் இஷ்டத்துக்குப் பீங்கான்களைக் கையில் எடுத்தாள். காக்கா செய்ததைப்போலவே நகத்தால் தட்டினாள். சில கிண்ணங்கள் கோயில் மணிபோல நீளமாகப் பாடின. சில 'டொக்' என்று நின்றுவிட்டன. அப்படி நின்றதை வெயில் கீற்றில் பிடித்துப் பார்த்தால் உள்ளே மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும். அடி விளிம்புகளைத் தடவித் தடவி அவள் விரல் நுனி சிவந்தது. என் விரலைப் பிடித்து வைத்து, "சொல்லு, இது தேஞ்சதோ தேய்ச்சதோ?" என்பாள். நான் பிழையாகச் சொன்னால் சிரிப்பாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த அறைக்குள்தான்.

நாளாக நாளாகச் சிரிப்புக் குறைந்தது. அலுமாரியின் மேல்தட்டில் இருந்தவை, ராசா பெயர் போட்டவை, விருந்தாளிகளுக்குக் காட்டியவை, ஒன்றன்பின் ஒன்றாய் அவளிடம் தோற்றுப்போயின.

பென்சன் எடுக்கும் நாளில் பெரியப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு காலை ரயிலில் பட்டினம் போவார். அன்றைக்கு அவர் படலையைச் சாத்திய சத்தம் கேட்டதும் அக்கா 'பெரியதை' நிலத்தில் இறக்கினாள். நான் அதன் அடியைப் பிடித்துக்கொண்டேன். பெரியம்மா கேத்திலோடு வந்தார். அக்கா அவரிடம் சுடுதண்ணீர் கேட்கவில்லை என்பது எனக்கு நல்ல நினைவு.

கழுத்துக்குக் கீழே துணியைச் சுற்றி அக்கா தண்ணீரை ஊற்றினாள். முதல் கேத்தில் முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோசம். இரண்டாவது கேத்திலின்போது ஒரு வாசம் எழும்பியது. தபாலுக்கு அரக்கு முத்திரை வைக்கும்போது வருமே, அந்த வாசம். நீலப் பூக்கொடி ஒன்று துணியில் சாயமாக ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்குக் கீழே மண்ணிறமாய் ஒரு கோடு சாடியைச் சுற்றி ஓடியது. அக்கா கழுத்தைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். அது கழன்று அவள் கையில் வந்தது.

ஒரு சாடியின் உடல். இன்னொரு சாடியின் கழுத்து. அவ்வளவுதான் பெரியது.

அக்கா நிலத்தில் இருந்துவிட்டாள். நான் அழத் தொடங்கினேன். உடைத்தது நாங்கள்தான் என்றே எனக்குத் தோன்றியது. பெரியம்மா கழுத்தை வாங்கிப் பாய்மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "அழாதை மோனை. இது எப்பவோ உடைஞ்சது."

பின்னேரம் பெரியப்பா வந்தார். நடுவறை வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று, "பிள்ளையள் சாப்பிட்டவையோ?" என்று கேட்டார். அக்கா கழுத்தைத் தட்டமொன்றில் வைத்து எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் கதவு நீக்கலில் கண்ணை வைத்தேன்.

அவர் கத்துவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் தட்டத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"உது எனக்குத் தெரியும், பிள்ளை."

"எப்ப தொட்டு?"

"ஈப்போவிலை இருக்கேக்கையே. வாங்கி ஒரு வருசத்தாலை ஒரு சீனன் சொன்னான்."

"மற்றதுகள்?"

அதுவும் தெரியும் என்பதுபோலத் தலையை அசைத்தார்.

"அப்ப ஏன் அப்பா?" அக்காவின் குரல் உயரவில்லை. "ஏன் பூட்டி வைச்சனீங்கள்?"

"வித்தால்தானே விலை தெரியும். விக்காமல் வைச்சிருந்தால் நான் சொல்லுறதுதான் விலை." பிறகு சொன்னார்: "கையிலை இருந்தது எல்லாத்தையும் அதிலை போட்டிட்டன். பெட்டியளைத் திறக்காமல் கடலிலை போட்டிட்டு வந்திருக்கலாம். ஆனா உன்னைப் பாக்க வாற ஆக்களுக்கு நான் என்னத்தைக் காட்டுறது?"

அக்கா தட்டத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள்.

"அளவெட்டியாக்கள் ஒராளைக் கூட்டிவரட்டோ எண்டு கேட்டவை. அதுக்குத்தானே அவையை அனுப்பினனீங்கள்?"

காற்றுக் கதவுகளை உலுக்கிக்கொண்டிருந்தது.

"ஓம்" என்றார்.

"எனக்கு அந்த இடம் விருப்பமாயிருந்தது, அப்பா."

பெரியப்பா தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார். பெரியம்மா சமையலறையிலிருந்து வந்து, நடுங்கும் கையை அவர் முன்னே நீட்டினார். அவர் அரைஞாணில் மிச்சமிருந்த திறப்புகளையும் அவிழ்த்து அதில் வைத்தார்.

அன்று நான் பெரியப்பாவை வெறுத்தேன். பொய்க்காரன் என்று நினைத்தேன். இப்போது அவர் வயதையும் தாண்டிவிட்டேன். வெறுங்கையோடு வந்தவன் என்று ஊர் தெரிந்துகொள்ளும் நாளை ஒவ்வொரு விடியலிலும் கயிறு போட்டுக் கட்டி வைத்த ஒரு மனிதனைத்தான் இப்போது காண்கிறேன். அதற்காக அக்காவின் வருடங்கள் திரும்பி வராது என்பதும் தெரியும்.

அடுத்த நாள் அக்கா எல்லாவற்றையும் அறை நிலத்தில் இறக்கி இரண்டு பகுதியாகப் பிரித்தாள். ஒரு பக்கம் நிறைந்தது. மறுபக்கத்தில் அந்த மணல் ஒட்டிய தட்டுகள், பாசிநிறக் கிண்ணங்கள் சில, மூடியில்லாத ஒரு சின்னச் சாடி. எல்லாம் பெரியப்பா மலாயாவுக்குப் போன புதிதில், கையில் காசில்லாத இளந்தாரியாக, வடிவென்று வாங்கியவை.

"உது அவர் கண்ணாலை வாங்கினது" என்று அக்கா அந்தச் சிறிய பகுதியைக் காட்டினாள். மற்றதைக் காட்டி, "இது காதாலை வாங்கினது" என்றாள்.

காக்காவுக்கு இம்முறையும் பெரியம்மாதான் ஆள் விட்டார். இம்முறை எல்லோருக்கும் தெரிந்தே விட்டார். பெரியப்பா விறாந்தை மூலையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு இருந்தார். அக்கா அறைக்குள் நின்று எடுத்துக் கொடுக்க, பெரியம்மா ஒவ்வொன்றாய்க் கொண்டுபோய்க் காக்கா முன் வைத்தார். அந்நிய ஆண் முன் அக்கா வந்து பழக்கமில்லை. பெரியம்மா இரண்டாவது தட்டைத் தூக்கியபோது அவர் கை நடுங்கி, தட்டுக் கதவு நிலையில் இடித்து ஒரு சத்தம் போட்டது. எல்லோரும் மூச்சை நிறுத்தினோம். உடையவில்லை.

"அம்மா, நீங்கள் இருங்கோ" என்றார் காக்கா. "உள்ளை நிக்கிற தங்கச்சியே கொண்டு வரட்டும். சாமானுக்கு நல்லது."

பெரியப்பாவின் பேப்பர் ஒருமுறை சரசரத்தது. அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அடுத்த தட்டைக் கையில் எடுத்தாள், போனாள்.

ஒவ்வொன்றாய்ப் பேச்சு நடந்தது. காக்கா ஒரு கிண்ணத்தைப் புதிது என்றார். அக்கா, "இல்லை காக்கா, விளிம்பைத் தடவிப் பாருங்கோ" என்றாள். அவர் தடவிப் பார்த்து, "ஓம்" என்றார். இன்னொன்றில் அக்கா ஏமாந்திருந்தாள். வெடிப்பை மறைத்துப் பூசியிருந்ததை அவர் காட்டினார். அவள் அதை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்து, கழித்த பக்கத்தில் வைத்தாள். கடைசியில் விலை. காக்கா பழக்கத்தில் சால்வையை விரித்து நீட்டிவிட்டு, நீட்டியது யாருக்கு என்று விளங்கிப் பின்னிழுத்துக்கொண்டார்.

"வாயாலை சொல்லுங்கோ" என்றாள் அக்கா.

அந்த வீட்டில் பீங்கானுக்கு உண்மையான ஒரு விலை சத்தமாகச் சொல்லப்பட்டது அன்றைக்குத்தான். அக்கா கூட்டிக் கேட்டாள். அவர் குறைத்துச் சொன்னார். நடுவில் எங்கேயோ முடிந்தது. வீடு வாங்கக் காணாது. புகையிலை நடக்கூடிய ஒரு தோட்டத் துண்டு வாங்கப் போதுமாயிருந்தது. பெரியம்மா அதை அக்கா பெயரில் எழுதுவித்தார். பொய்யானவற்றையும் காக்கா ஏற்றிக்கொண்டு போனார். "புதுசெண்டு சொல்லியே வில்லுங்கோ" என்று அக்கா சொல்லிவிட்டாள். 'பெரியது' மட்டும் தனக்கு வேண்டும் என்று பெரியப்பா கேட்டார். அக்காவே அரக்கு உருக்கி அதை ஒட்டிக் கொடுத்தாள்.

அலுமாரிகள் வெறுமையாயின. வீட்டு யன்னல்களையெல்லாம் பெரியம்மா திறந்துவிட்டார். காற்றுக் கூடத்துக்குள் புகுந்து நாட்காட்டியைப் புரட்டியது. நடுவறையில் மட்டும் கயிறு அவிழவில்லை. இப்போது அது எனக்காகக் கட்டப்பட்டிருந்தது. பீங்கான் இருந்த அறையில் பீங்கான் இல்லாமல் நான் கிடந்தேன். அந்தப் பாலத்து மனிதனும் போய்விட்டான். பார்க்க ஒன்றும் இல்லை.

அக்கா பிறகு கலியாணம் செய்யவில்லை. தரகர் வந்தார், "இப்ப வேண்டாம்" என்றாள், அந்த 'இப்ப' அவள் சாகும்வரை நீண்டது. காக்கா தனக்குச் சந்தேகமான சாமானை அக்காவிடம் காட்டச் சண்டிலிப்பாய்க்குக் கொண்டுவருவார். அவருக்குப் பிறகு அவர் மகன் கொண்டுவந்தான். பாவம், தனிச்சுப்போனாள் என்று எங்கள் சனம் சொல்லிச் சொல்லி மாய்ந்தது. என்னைப் பதினேழு வயதில் நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். கொடுத்து வைத்தவள் என்று என்னைச் சொன்னார்கள். அந்த நல்ல இடத்தில் என் மாமியாரிடம் கேட்காமல் ஒரு யன்னலைத் திறக்க எனக்கு எத்தனை வருடம் சென்றது என்பதை நீங்கள் கேட்கவேண்டாம். உங்களுக்கும் அது தெரிந்த கதைதான்.

அப்பா என்னைக் கூட்டிப்போக வந்த நாளைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். வீட்டில் அம்மை முற்றாய் விலகிவிட்டது. சடங்குக்கு நாள் வைத்தாயிற்று. சுற்றிவரச் சேலை கட்டி மறைத்த கூடார வண்டி படலையில் வந்து நின்றது. பெரியம்மா என் தலையில் துணியைப் போட்டு, கூடத்துக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார். அப்பாவைக் கண்டதும் எனக்கு ஓடவேண்டும்போல இருந்தது. வண்டியைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. போனால், வீட்டில் எனக்கு ஒதுக்கிய மூலையும் அங்கே காத்திருக்கும் பாயும் எனக்குக் கண்முன் தெரிந்தன.

விறாந்தையில் காக்கா இருந்தார். பட்டினத்தில் யாரோ விற்கக் கொண்டுவந்த ஒரு பெரிய தட்டை அக்காவிடம் காட்டவென்று வந்திருந்தார். அக்கா எதிரே கதிரையில் இருந்தாள். அப்பா படலையைத் திறந்தவர் அப்படியே நின்றார். தமையன் மகள் வெளி விறாந்தையில், தெருவில் போகிறவர் பார்க்க, அந்நியன் முன்னே கதிரையில் இருப்பதை அவர் கண் ஏற்கவில்லை. அவள் எழும்பி உள்ளே போகட்டும் என்று அவர் தொண்டையைச் செருமினார்.

அக்கா நிமிர்ந்தாள். எழும்பவில்லை.

"சித்தப்பா, ஒரு கொஞ்ச நேரம் பொறுங்கோ. இது முடியட்டும்."

அப்பா வெயிலில் நின்றார். குடையை விரிக்கவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. காற்று அவர் வேட்டியைக் காலோடு சுற்றியது. அக்கா தட்டைக் கவிழ்த்து மடியில் வைத்து, விளிம்பைப் பெருவிரலால் தடவத் தொடங்கினாள். ஒரு சுற்று. மறுபடி முதலிலிருந்து. அவளுக்கு அவசரமே இல்லை.

கதவுக்குப் பின்னால், துணிக்குள் வியர்த்துக்கொண்டு, நான் அவள் விரலையே பார்த்து நின்றேன். வடிவாய்ப் பார், அக்கா, ஒன்றும் விடாமல் வடிவாய்ப் பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.